செவ்வாய் ஓடியது வியாழன் வரை வலிக்கிறதே! மூத்த ஓட்டக்காரர்களின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எனக்கு 61 வயது. பன்னிரண்டு ஆண்டுகளாக ஓடுகிறேன். செவ்வாய் இன்டர்வல் (வேகமும் மெதுவுமாக மாறி மாறி ஓடுவது), வியாழன் டெம்போ (சற்றுக் கடினமான சீரான வேகம்), ஞாயிறு நீண்ட ஓட்டம், நடுவில் இரண்டு நாள் மெதுவோட்டம். ஐம்பது வயதில் ஒத்துவந்த அட்டவணை இப்போது ஒத்துவரவில்லை. செவ்வாய் ஓடியது வியாழன் வரை வலிக்கிறது. இன்டர்வலை விட்டுவிடலாமா?

இன்டர்வலை விடாதீர்கள், கிழமைக் கணக்கை விடுங்கள். அறுபதைத் தாண்டியவர்கள் பெரும்பாலும் தலைகீழாகச் செய்கிறார்கள். வலிக்கிறதே என்று வேகப் பயிற்சியைக் கைவிட்டு, தினமும் ஒரே நடுத்தர வேகத்தில் ஓடுகிறார்கள். வயதாக ஆக முதலில் சுருங்குவது வேகமாகச் சுருங்கி விரியும் தசை நார்கள்தான். வேகமாக ஓடினால் மட்டுமே அவற்றுக்கு வேலை. வேலை கொடுக்காவிட்டால் இன்னும் சீக்கிரம் போய்விடும். உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் உச்ச அளவும் நடுவயதிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 1 சதவீதம் இறங்குகிறது. கடினப் பயிற்சியை விடாதவர்களிடம் இந்த இறக்கம் அதில் பாதியளவுக்குக்கூடக் குறையலாம்.

உண்மையில் மாறியிருப்பது ஆறும் நேரம். முப்பது வயதில் ஒரு கடின ஓட்டத்திலிருந்து மீள 48 மணி நேரம் போதும் என்றால், உங்களுக்கு 72 மணி நேரம் தேவைப்படலாம். ஏழு நாள் வாரத்துக்குள் மூன்று கடின நாள்களைத் திணித்தால் அந்த 72 மணி நேரம் எங்கே கிடைக்கும்? ஆகவே ஒன்பது நாளை ஒரு சுற்றாக வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள் நீண்ட ஓட்டம். இரண்டாம் நாள் முழு ஓய்வு. மூன்றாம் நாள் 40 நிமிடம் மெதுவோட்டம். நான்காம் நாள் இன்டர்வல்: 15 நிமிடம் உடலைச் சூடாக்கிவிட்டு, 3 நிமிடம் வேகம், 2 நிமிடம் மெதுவாக, இப்படி ஐந்து முறை. ஐந்தாம் நாள் ஓய்வு அல்லது சைக்கிள். ஆறாம் நாள் மெதுவோட்டம். முடிவில் 20 விநாடி விரைவோட்டம் நான்கு முறை, ஒவ்வொன்றுக்கும் நடுவில் மூச்சு முழுதாக அடங்கும்வரை நடை. ஏழாம் நாள் 20 நிமிட டெம்போ, அதாவது ஓடிக்கொண்டே நாலைந்து சொல் பேச முடிகிற, ஆனால் கதை பேச முடியாத வேகம். எட்டு ஓய்வு, ஒன்பது மெதுவோட்டம். பிறகு மறுபடி முதல் நாள்.

எடைப் பயிற்சியை ஓய்வு நாளில் செருகாதீர்கள். நான்காம், ஏழாம் நாள் மாலையில் செய்யுங்கள். கடின நாள் முழுதும் கடினமாகவும், ஓய்வு நாள் முழுதும் ஓய்வாகவும் இருக்கட்டும். 'ஓய்வு நாள்தானே' என்று பகல் முழுக்க நின்றுகொண்டே வேலை பார்ப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

இன்னொன்று, மெதுவோட்டம் மெதுவாக இல்லை என்பதுதான் பாதிப் பேரின் பிரச்சினை. உங்கள் 10 கி.மீ. பந்தய வேகத்தைவிடக் கிலோமீட்டருக்கு ஒன்றரை நிமிடம் கூடுதலாக எடுத்தாலும் தவறில்லை. பக்கத்தில் யாராவது முந்திப் போனால் போகட்டும்.

கேள்வி: ஓட்டத்துக்குப் பிறகு தசை ஆற என்ன சாப்பிடலாம்? புரதப் பவுடர் தேவையா?

பவுடர் கட்டாயமில்லை, அளவுதான் முக்கியம். இளையவர்களுக்கு ஒரு வேளையில் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் கால் கிராம் புரதம் கிடைத்தாலே தசை கட்டும் வேலை முடுக்கிவிடப்படுகிறது. மூத்தவர்களுக்கு அதே முடுக்கத்துக்கு 0.4 கிராம் வேண்டும். 60 கிலோ எடை என்றால் வேளைக்கு 24 கிராம். முட்டையில் கணக்குப் போட்டால் நான்கு, பாலில் கணக்குப் போட்டால் 700 மி.லி. நாள் முழுவதற்கும் 72 முதல் 96 கிராம் வரை வரும். இரவுச் சாப்பாட்டில் மொத்தத்தையும் கொட்டிவிட்டு, காலை ஓட்டம் முடிந்ததும் வெறும் காபியோடு நிறுத்திக்கொள்வதுதான் பலரிடம் காணும் பிழை. சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள் மட்டும் டாக்டரிடம் கேட்காமல் புரதத்தைக் கூட்ட வேண்டாம்.

கேள்வி: வயது 58. காலையில் கட்டிலிலிருந்து இறங்கும்போது குதிகாலுக்கு மேலே, பின்பக்கம் கம்பிபோல் விறைத்திருக்கிறது. பத்து நிமிடம் நடந்தால் சரியாகிவிடுகிறது. ஓடும்போது வலி இல்லை. மறுநாள் காலை மறுபடி வருகிறது. ஓய்வெடுத்தால் போய்விடுமா?

நீங்கள் விவரிப்பது குதிகால் தசைநாண் (கெண்டைக்கால் தசையைக் குதிகால் எலும்போடு இணைக்கும் நாண்) கோளாற்றின் இலக்கணம். ஓய்வெடுத்தால் வலி போகும், ஓடத் தொடங்கினால் திரும்பும். தசைநாண் ஓய்வில் பலப்படுவதில்லை. படிப்படியாகக் கூட்டும் சுமையில்தான் பலப்படும்.

எந்த இடத்தில் வலி என்று முதலில் பாருங்கள். கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும் தசைநாணை இரு பக்கமும் கிள்ளிக்கொண்டு மேலிருந்து கீழே வாருங்கள். குதிகால் எலும்புக்கு இரண்டு முதல் ஆறு செ.மீ. மேலே நோகிறதா, எலும்பில் ஒட்டும் இடத்திலேயே நோகிறதா? சிகிச்சை இதைப் பொறுத்து மாறும்.

மேலே நோகிறது என்றால் படிக்கட்டுப் பயிற்சி. படியின் விளிம்பில் பாதத்தின் முன்பகுதியை மட்டும் ஊன்றி, கைப்பிடியைத் தொட்டுக்கொண்டு நில்லுங்கள். இரண்டு காலாலும் எம்பி உயருங்கள். நல்ல காலை எடுத்துவிட்டு, நோகிற காலால் மட்டும் மூன்று விநாடி எண்ணி மெதுவாக இறங்குங்கள். குதிகால் படி மட்டத்துக்குக் கீழே போகட்டும். மறுபடி உயர இரண்டு காலையும் பயன்படுத்துங்கள். இப்படி 15 முறை, மூன்று சுற்று, முழங்கால் நேராக. இன்னொரு மூன்று சுற்று, முழங்காலைச் சற்று மடக்கி. காலையும் மாலையும், 12 வாரம். மொத்தம் நாளுக்கு 180 இறக்கங்கள். ஸ்வீடன் மருத்துவர் ஹோகன் ஆல்ஃப்ரெட்சன் 1998-இல் வெளியிட்ட முறை இது. இன்றைக்குப் பல பிசியோதெரபிஸ்டுகள் எண்ணிக்கையைக் குறைத்து, ஒரு நாள் விட்டு ஒரு நாள், முதுகுப் பையில் எடை போட்டுக்கொண்டு செய்யச் சொல்கிறார்கள். அதுவும் நன்றாகவே வேலை செய்கிறது. 180 தடவை எண்ணப் பொறுமை இல்லாதவர்களுக்கு அதுவே நல்லது.

எலும்பில் ஒட்டும் இடத்தில் நோகிறது என்றால் குதிகாலைப் படிக்குக் கீழே இறக்கவே கூடாது. இறக்கினால் தசைநாண் எலும்பின்மேல் அழுந்தி வலி அதிகமாகும். சமதரையில் நின்று மட்டும் செய்யுங்கள். ஷூவுக்குள் ஒரு செ.மீ. உயரக் குதிகால் மெத்தை வைப்பதும் சில வாரங்களுக்கு உதவும்.

பயிற்சியின்போது பத்துக்கு மூன்று அளவு வலி இருக்கலாம். மறுநாள் காலை விறைப்பு முந்தைய நாளைவிடக் கூடியிருந்தால் முந்தைய நாள் சுமை அதிகம் என்று பொருள். இந்த வாரங்களில் மேட்டோட்டமும் விரைவோட்டமும் வேண்டாம்; சமதரையில் மெதுவாக ஓடலாம்.

சிப்ரோஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாட்டிக்குகள் தசைநாண் அறுபடும் அபாயத்தைக் கூட்டும். அறுபதைக் கடந்தவர்களுக்கும், ஸ்டீராய்டு மாத்திரை எடுப்பவர்களுக்கும் அபாயம் இன்னும் அதிகம். சிறுநீர்த் தொற்றுக்கு மருந்து எழுதும்போது 'நான் ஓடுகிறவன்' என்று டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். ஓட்டத்தின் நடுவே யாரோ பின்னாலிருந்து உதைத்ததுபோல் 'டப்' என்று உணர்ந்து, அதன்பின் அந்தக் காலால் எம்ப முடியாமல் போனால், அது அறுபட்ட தசைநாணாக இருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

குணமானபின் சோதனை: ஒற்றைக் காலில், முழங்கால் மடங்காமல், 20 முறை முழு உயரத்துக்கு எம்ப முடிகிறதா? வலி இல்லாத கால்கூடப் பன்னிரண்டில் நின்றுபோகும் என்றால் ஆச்சரியப்பட வேண்டாம். வயதான ஓட்டக்காரர்களின் காலடி நீளம் குறுகுவதற்குப் பெரிய காரணம் இந்தக் கெண்டைக்கால்தான்.

கேள்வி: என் வாட்ச் 'உச்ச இதயத்துடிப்பு 155' என்கிறது. வயது 65. ஆனால் மேட்டில் ஓடினால் 168 காட்டுகிறது. ஆபத்தா? ரத்த அழுத்த மாத்திரையும் எடுக்கிறேன்.

வாட்ச் உங்கள் இதயத்தை அளந்து 155 சொல்லவில்லை. 220-இல் வயதைக் கழித்துச் சொல்கிறது. 208-இலிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழிக்கும் இன்னொரு கணக்கு மூத்தவர்களுக்குச் சற்றுப் பொருத்தம். அதன்படி உங்களுக்கு 162 அல்லது 163. இரண்டுமே சராசரிதான். ஒரே வயதுடைய இருவருக்குள் 20 துடிப்பு வித்தியாசம் இருப்பது சாதாரணம். எனவே 168 என்ற எண் மட்டும் கவலைக்குரியதல்ல.

ஆனால் மூன்று விஷயத்தைப் பிரித்துப் பாருங்கள். முதலாவது, மணிக்கட்டு சென்சார் சில நேரம் இதயத்துடிப்புக்குப் பதில் காலடி எண்ணிக்கையைப் பிடித்துக்கொள்ளும். நிமிடத்துக்கு 168 அடி வைக்கிறவருக்கு 168 துடிப்பு என்று காட்டும். பட்டையை மணிக்கட்டு எலும்புக்கு இரண்டு விரல் மேலே இறுக்கிக் கட்டுங்கள், அல்லது நெஞ்சுப் பட்டை அணியுங்கள். இரண்டாவது, உங்கள் மாத்திரை எந்த வகை? அட்டெனலால், மெட்டோப்ரலால் போன்ற பீட்டா பிளாக்கர் என்றால் துடிப்பு உயர்வதையே அது தடுக்கும். துடிப்பை வைத்துப் பயிற்சி வகுப்பது வீண். பேச்சை வைத்து அளப்பதே நல்லது. மாத்திரையைப் பந்தயத்துக்காக நீங்களே நிறுத்திவிடாதீர்கள், அது மிக ஆபத்து.

மூன்றாவதுதான் முக்கியம். சமதரையில் மெதுவாக ஓடும்போது 120-லிருந்து திடீரென்று 180-க்குத் தாவி, நின்ற பிறகும் இறங்காமல், மூச்சு வாங்கினால், நின்று நாடியைப் பிடித்து 30 விநாடி எண்ணுங்கள். தாளம் தவறித் தவறி வந்தால் அது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனாக, அதாவது இதயத்தின் மேலறைகள் ஒழுங்கின்றித் துடிக்கும் கோளாறாக இருக்கக்கூடும். பல்லாண்டுகள் நெடுந்தூரம் ஓடிய ஆண்களிடம் இது சற்றுக் கூடுதலாகவே காணப்படுகிறது. ஈ.சி.ஜி. எடுத்தால் தெரியும், சிகிச்சை உண்டு. நெஞ்சில் அழுத்தம், தாடையிலோ இடது கையிலோ பரவும் வலி, ஓடும்போது மயக்கம் வந்தால், வீட்டுக்கு நடந்து போய்ப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். அங்கேயே உதவி கூப்பிடுங்கள்.

கேள்வி: மாதவிலக்கு நின்று மூன்று ஆண்டாகிறது; வயது 54. வாரம் 40 கி.மீ. ஓடுகிறேன். ஓடுவதால் எலும்பு தேய்மானத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்கிறார்கள். சரிதானா? கேட்கத் தயக்கமாக இருந்த இன்னொன்று: வேகமாக ஓடும்போது சிறுநீர் கசிகிறது.

பாதி சரி. மாதவிலக்கு நின்ற முதல் சில ஆண்டுகளில்தான் எலும்பு மிக வேகமாகக் குறையும். ஓட்டம் இடுப்பு, கால் எலும்புகளுக்கு ஓரளவு நல்லது. முதுகெலும்புக்கும் கைகளுக்கும் அது போதாது. எடை தூக்குவதுதான் வழி: குந்தி எழுவது, தரையிலிருந்து எடையைத் தூக்குவது, தலைக்கு மேல் தள்ளுவது. எட்டு முறை தூக்கியதும் இன்னும் இரண்டு முறைக்குத்தான் தெம்பு இருக்கும் என்கிற எடை, மூன்று சுற்று, வாரம் இருமுறை. கையில் ஒரு கிலோ டம்பெல்லோடு நூறு முறை ஆட்டுவது இதற்குப் பயன்படாது. எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் ஒருமுறை எடுத்துப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்; எலும்பு ஏற்கெனவே மெலிந்திருந்தால் பயிற்சியை வேறு மாதிரி அமைக்க வேண்டும்.

முன்கால் எலும்பிலோ பாதத்திலோ ஒரு விரல் நுனி அளவு இடத்தில் மட்டும் நோவதும், ஒற்றைக் காலில் குதித்தால் அங்கேயே சுள்ளென்பதும் எலும்புக் கீறலின் அடையாளம். தொடை இடுக்கில் ஆழமாக வலித்தால் தாமதிக்கவே கூடாது. இடுப்போடு சேரும் தொடை எலும்பின் கழுத்தில் கீறல் விழுந்திருந்தால், தொடர்ந்து ஓடுவது முழு முறிவில் முடியும்.

கசிவு பலருக்கும் உண்டு, யாரும் சொல்வதில்லை. சிறுநீரைப் பாதியில் அடக்குவது போன்ற உணர்வோடு இடுப்புத் தளத் தசையை உள்ளிழுத்து 8 விநாடி பிடியுங்கள், 8 விநாடி விடுங்கள்; எட்டு முதல் பத்து முறை, நாளுக்கு மூன்று வேளை, மூன்று மாதம். மூச்சை அடக்கக் கூடாது, வயிறும் பிட்டமும் இறுகக் கூடாது. நிஜமாகவே சிறுநீர் கழிக்கும்போது இதைச் செய்து பழகாதீர்கள். மூன்று மாதத்தில் மாற்றமில்லை என்றால் இதற்கென்றே பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்டைப் பாருங்கள். கசிவுக்குப் பயந்து தண்ணீரைக் குறைப்பது நிலைமையை மோசமாக்கும்.

கேள்வி: இந்த வயதில் ஓடினால் முழங்கால் தேய்ந்துவிடும் என்று வீட்டில் தினமும் பாட்டு. என்ன பதில் சொல்வது?

மிதமாக ஓடுகிறவர்களிடம் முழங்கால் மூட்டுத் தேய்மானம், ஓடாமல் உட்கார்ந்திருப்பவர்களைவிட அதிகமாகக் காணப்படவில்லை என்று சொல்லுங்கள். ஏற்கெனவே தேய்மானம் இருந்தால் அளவுகோல் வீக்கம்: ஓடிய மறுநாள் முட்டிச் சில்லின் ஓரப் பள்ளம் நிரம்பியிருந்தால் தூரம் அதிகம். அடி எண்ணிக்கையை நிமிடத்துக்கு 160-லிருந்து 168 ஆக்கிப் பாருங்கள். காலடி நீளம் குறுகும், முட்டியில் விழும் சுமை குறையும்.

கேள்வி: 66 வயதில் முதல் மாரத்தான். ஐந்து வாரம் இருக்கிறது. இதுவரை அதிகபட்சம் 28 கி.மீ. ஒருமுறையாவது 38 கி.மீ. ஓடிப் பார்க்க வேண்டாமா?

வேண்டாம். 28 கி.மீ.க்கு எவ்வளவு நேரம் ஆனது? மூன்றேகால் மணி நேரம் கடந்திருந்தால் அதுவே போதும். அதற்கு மேல் ஓடினால் கிடைக்கிற பலனைவிட, ஆறுவதற்குத் தொலையும் நாள்கள் அதிகம். பந்தயத்துக்கு மூன்று வாரம் முன்பு கடைசி நீண்ட ஓட்டம். அடுத்த வாரம் மொத்தத் தூரத்தில் 40 சதவீதத்தையும், கடைசி வாரம் 60 சதவீதத்தையும் குறையுங்கள். குறைக்க வேண்டியது தூரம் மட்டுமே. பந்தய வேகத்தில் ஐந்தாறு நிமிடத் துண்டுகள் இருக்கட்டும். அந்த இரண்டு வாரமும் கால் கனக்கும், புதிது புதிதாக வலி தோன்றும், தூக்கம் கெடும். எல்லாருக்கும் அப்படித்தான்.

தண்ணீர் விஷயம் இரு பக்கமும் கூரான கத்தி. வயதானால் தாக உணர்வு மந்தமாகும், அதனால் குறைவாகக் குடிக்கிறோம். அதற்குப் பயந்து வழியில் ஒவ்வொரு தண்ணீர் மேசையிலும் இரண்டு டம்ளர் குடித்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். நான்கு, ஐந்து மணி நேரம் ஓடுகிறவர்களுக்குத்தான் இந்த ஆபத்து அதிகம். தலைவலி, குமட்டல், விரல் வீங்கி மோதிரம் இறுகுவது, குழப்பம் எல்லாம் அதன் அறிகுறிகள். அப்போது மேலும் தண்ணீர் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. இப்போதே அளந்துவிடுங்கள். ஒரு மணி நேர ஓட்டத்துக்கு முன்னும் பின்னும், வியர்த்த உடையைக் களைந்துவிட்டு, எடை பாருங்கள். 0.8 கிலோ குறைந்து, நடுவில் 200 மி.லி. குடித்திருந்தால் உங்கள் வியர்வை மணிக்கு ஒரு லிட்டர். பந்தயத்தில் அதைவிடக் குறைவாகத்தான் குடிக்க வேண்டும். பந்தயம் முடியும்போது எடை கூடியிருந்தால் அது கணக்குத் தவறியதன் சாட்சி.

மாவுச்சத்து மணிக்கு 30 முதல் 60 கிராம். ஓடும்போது உறிஞ்சும் மாவுச்சத்து ஜெல் பொட்டலம் ஒன்றில் பெரும்பாலும் 20 முதல் 25 கிராம் இருக்கும். 40 நிமிடத்துக்கு ஒன்று என்று தொடங்கி நீண்ட ஓட்டங்களில் வயிற்றைப் பழக்குங்கள். பந்தய நாளன்று புது ஜெல், புது சாக்ஸ் எதுவும் கூடாது.

காலையில் வலி நிவாரணி ஒன்றை 'முன்னெச்சரிக்கையாக' விழுங்கும் பழக்கத்தை அறவே தவிருங்கள். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வகை மாத்திரைகள், வியர்த்து வற்றிய சிறுநீரகத்தைத் தாக்கும். குடலில் ரத்தக் கசிவும் வரலாம். ரத்த அழுத்தத்துக்குச் சிறுநீர் பெருக்கி மாத்திரையோ, சர்க்கரைக்கு இன்சுலினோ கிளிமெபிரைடு போன்றவையோ எடுப்பவர்கள் பந்தய நாளின் அளவை டாக்டரிடம் இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: நேரம் ஆண்டுக்கு ஆண்டு கூடிக்கொண்டே போகிறது. எதை வைத்து முன்னேற்றத்தை அளப்பது?

வயது மதிப்பீட்டு முறை இருக்கிறது. உங்கள் வயதுக்கும் பாலினத்துக்கும் உரிய உச்ச நேரத்தை (மிகச் சிறந்த நேரத்தை) உங்கள் நேரத்தால் வகுத்தால் சதவீதம் வரும். உச்ச நேரம் 90 நிமிடம், நீங்கள் ஓடியது 120 என்றால் 75 சதவீதம். 60, 70, 80, 90 என்ற படிகளை வட்டார, மாநில, தேசிய, உலகத் தரம் என்று வழக்கமாகச் சொல்வார்கள். நேரம் ஏறினாலும் சதவீதம் இறங்காமல் இருந்தால் நீங்கள் வயதோடு சமமாக ஓடுகிறீர்கள்.

உச்சி எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஒருவர்: கனடாவின் எட் விட்லாக். 2003-இல் 72 வயதில் 2 மணி 59 நிமிடம் 10 விநாடியில் மாரத்தான் ஓடி, எழுபதைத் தாண்டியபின் மூன்று மணிக்குள் முடித்த முதல் மனிதரானார். அடுத்த ஆண்டு 2:54:48. 2016-இல் 85 வயதில் 3:56:34. அவருடைய பயிற்சி பெரும்பாலும் ஒரு கல்லறைத் தோட்டத்துக்குள் மூன்று மணி நேரம் வரை சுற்றிச் சுற்றி ஓடிய மெதுவோட்டம். வேகத்துக்குக் குறுந்தூரப் பந்தயங்களை அடிக்கடி ஓடினார். அந்த மூன்று மணி நேரத்தை நகலெடுக்க வேண்டாம். அவர் உடல் அவருக்கு.

கேள்வி: 6 மணி நேரக் கெடு உள்ள மாரத்தானை 70 வயதில் ஓடி-நடந்து முடிக்க முடியுமா?

கணக்குப் போடுவோம். 360 நிமிடத்தில் 42.195 கி.மீ. என்றால் கிலோமீட்டருக்கு 8 நிமிடம் 32 விநாடி. 3 நிமிடம் ஓட்டம், 1 நிமிடம் நடை என்று எடுத்துக்கொள்ளுங்கள். கிலோமீட்டருக்கு 7:30 வேகத்தில் 3 நிமிடம் ஓடினால் 400 மீட்டர். 11:00 வேகத்தில் ஒரு நிமிடம் நடந்தால் 91 மீட்டர். நான்கு நிமிடத்துக்கு 491 மீட்டர், சராசரி 8:09. மொத்தம் 5 மணி 44 நிமிடம். நடையை முதல் கிலோமீட்டரிலிருந்தே தொடங்க வேண்டும். களைத்த பிறகு நடக்கத் தொடங்கினால் இந்தக் கணக்கு செல்லாது.

மிச்சம் 16 நிமிடம். பதினைந்து தண்ணீர் மேசைகளில் இருபது இருபது விநாடி நின்றால் அதில் 5 நிமிடம் போய்விடும். கழிவறைக்கு ஒருமுறை ஒதுங்கினால் இன்னொரு 3 நிமிடம். கெடு துப்பாக்கி வெடித்ததிலிருந்தா, நீங்கள் கோட்டைக் கடந்ததிலிருந்தா என்று விதிமுறையில் பாருங்கள். பின்வரிசையில் நின்றால் கோட்டுக்கு வந்து சேரவே சில நிமிடம் ஆகும். நடுவில் 30 கி.மீ. போன்ற இடங்களில் தனிக் கெடு இருக்கிறதா என்பதையும் பணம் கட்டும் முன் படித்துவிடுங்கள்.